சிந்திய ஆன்டிஃப்ரீஸ், சுற்றும் பூனை

லண்டன் ரீஜன்ட்ஸ் கால்வாயில் படகில் முதல் குளிர்காலம், இன்ஜினுக்கு ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் திரவம்) ஊற்றும்போது சிந்திவிட்டது, துடைத்துவிட்டேன், ஆனால் பூனை அங்கேயே சுற்றுகிறது என்கிறீர்கள். துடைத்தது சரி, முதலில் கேனில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். எத்திலீன் கிளைக்கால் என்றிருந்தால் விளையாட்டில்லை, அது கொடிய நஞ்சு. ஒரு டீஸ்பூன் போதும், பூனையின் சிறுநீரகம் போய்விடும். பாதத்தில் ஒட்டியதை நக்கினாலும் ஆபத்துதான்.

நக்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். வாந்தி, தள்ளாட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பூனைக்கு மாற்றுமருந்து முதல் 3 மணி நேரத்துக்குள் போனால்தான் பலன். நடுவில் தேறியது போலத் தெரியலாம், நம்பிவிடாதீர்கள்.

அப்புறம், இன்ஜினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் படகில் ஹோஸ் கிளிப் (குழாயை இறுக்கும் வளையம்) தளர்ந்து, பச்சையாக ஒரு கை அளவு தேங்கிக் கிடந்தது. அன்றே நச்சு குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸுக்கு மாறிவிட்டோம். விலை கூடுதல்தான். மாற்றுமுன் பழையதை முழுக்க வடித்துவிடுங்கள்.