அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் முன்பு சின்ன ஊர் வக்கீலாக இருந்தது அவரது அரசியலுக்கு உண்மையில் உதவியதா?

ரொம்பவே உதவியது. ஆனால் கோர்ட்டில் பேசிப் பேர் வாங்கியதால் அல்ல. நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்ற சாட்சியைப் பஞ்சாங்கத்தைக் காட்டி மடக்கிய 1858 கொலை வழக்கைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவரும் கூட்டாளிகளும் சுமார் 25 ஆண்டுகளில் நடத்திய 5,000-க்கு மேற்பட்ட வழக்குகளில் பெரும்பகுதி கடன் பாக்கி வசூல்.

அவரை வளர்த்தது சர்க்யூட், அதாவது ஊர் ஊராகப் போய்க் கூடும் கோர்ட்டின் வட்டாரம். இலினாய் மாநிலத்தின் எட்டாவது சர்க்யூட்டில் 1850 வாக்கில் 14 கவுன்டிகள் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). ஒவ்வொரு ஊரிலும் கோர்ட் வருஷத்துக்கு இரண்டு தடவை, சில நாட்கள்தான் கூடும். நீதிபதி டேவிட் டேவிஸோடு வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போவார்கள். உள்ளூர் வக்கீல் வழக்காடுபவரைக் கூட்டிவந்து கேஸைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் லிங்கன் ஜூரி முன், அதாவது தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்கள் முன், நிற்க வேண்டியிருக்கும். ராத்திரி விடுதியில் இடம் பற்றாது, ஒரு கட்டிலில் இரண்டு பேர். சனி ஞாயிறில் மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்ப, லிங்கன் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவார். ஜூரியில் உட்கார்ந்த விவசாயிதானே தேர்தலில் ஓட்டுப் போடுபவரும்!

ஏழை வக்கீல் என்பதெல்லாம் தேர்தல் நேரத்துக் கதை. வழக்கமான பீஸ் 5 முதல் 20 டாலர்தான். ஆனால் இலினாய் சென்ட்ரல் ரயில்வேயின் வரி வழக்கை 1856-ல் ஜெயித்துக் கொடுத்துவிட்டு 5,000 டாலர் கேட்டார். கம்பெனி இழுத்தடித்ததும் அதன் மேலேயே வழக்குப் போட்டு மறு வருஷம் வசூலித்தார்.

தேர்தல் கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) ஒரே ஒரு முறை, 1847–49. அதன் மேல்சபையான செனட்டின் உறுப்பினர்களை அப்போது மாநில சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். 1855 செனட் தேர்தலில் லிங்கனுக்கு முதல் சுற்றில் 44 ஓட்டு, தேவை 51. பிறகு ஓட்டுகள் கரைய, எதிரணி ஜெயித்துவிடக் கூடாதென்று தன் ஆட்களை இன்னொரு வேட்பாளரான டிரம்புல் பக்கம் திருப்பிவிட்டார். 1858 செனட் போட்டியில் ஜனநாயகக் கட்சியின் டக்ளஸிடம் தோற்றார்.

சர்க்யூட் கைகொடுத்தது 1860-ல், குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ மாநாட்டில். லிங்கனுக்காக வேலை பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் டேவிஸ், ஸ்வெட், லேமன்: கூடவே ஊர் சுற்றியவர்கள். “முதல் ஓட்டு உங்கள் ஆளுக்கே போடுங்கள், அவர் தேறாவிட்டால் எங்களுக்கு” என்பதுதான் மற்ற மாநிலப் பிரதிநிதிகளிடம் அவர்கள் பேசிய பேரம். முதல் சுற்றில் முன்னணியில் இருந்த சீவார்டு 173½, லிங்கன் 102. மூன்றாவது சுற்றில் லிங்கனுக்கு 231½, தேவை 233. ஒஹையோ மாநிலத்தின் நாலு ஓட்டு அவர் பக்கம் மாறியதும் முடிந்தது.

ஜனாதிபதியான லிங்கன் டேவிஸை 1862-ல் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். லேமன் தலைநகரில் மார்ஷல் (கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றும் அதிகாரி) ஆனார். ஸ்வெட்டுக்குத்தான் பதவி எதுவும் கிடைக்கவில்லை.