கண்ணாடி போட்டவர் விமானி ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 17. இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.5 பவர். விமானி ஆக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கண்ணாடி போட்டிருந்தால் சேர்க்க மாட்டார்கள், முதலில் லேசர் செய்துகொள் என்கிறார் மாமா. செய்துகொள்ளலாமா?

பதில்: அவசரப்பட்டு லேசர் செய்துகொள்ளாதீர்கள். பயணிகள் விமானம் ஓட்டக் கண்ணாடி ஒரு தடையே இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக 6/9 (இயல்பான கண் 9 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் படிப்பது), இரண்டும் சேர்ந்து 6/6 (இயல்பான பார்வை) இருக்க வேண்டும். இந்த அளவைக் கண்ணாடியோடு எட்டினாலும் போதும். கிட்டத்தில் 30 முதல் 50 செ.மீ. தூரத்தில் என்5 என்ற அளவுள்ள பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். இது அடிப்படை அளவு. சில நாடுகள் இன்னும் கடுமையாக வைத்திருக்கின்றன, பவருக்கு உச்சவரம்பும் விதிப்பதுண்டு. நீங்கள் உரிமம் பெறப்போகும் நாட்டின் விதியைப் படித்துவிடுங்கள். போர் விமானிகளுக்கான விதிகள் முற்றிலும் வேறு.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது நிறப்பார்வை. பவர் குறைவைக் கண்ணாடி சரிசெய்யும். பிறவியிலேயே வந்த நிறக்குறைபாட்டைச் சரிசெய்ய வழியில்லை. ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று தெரிந்தால் விமானம் சரியான சரிவில் இறங்குகிறது. நான்கும் சிவப்பென்றால் மிகவும் தாழ்வாக வருகிறது. அந்தச் சிவப்பை வெள்ளையிலிருந்து இரவில், மழையில், நொடியில் பிரித்தறிய வேண்டும். அதனால்தான் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா படங்களைக் காட்டிச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 3 விநாடிக்குள் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். கைபேசியில் பார்த்து 'எனக்குச் சரியாகத் தெரிகிறது' என்று முடிவு கட்டாதீர்கள். திரையின் நிறமும் அச்சு நிறமும் ஒன்றல்ல. கண் மருத்துவரிடம் அச்சுப் படங்களை நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இதில் தவறினாலும் கதை முடிந்துவிடாது. பல நாடுகளில் விளக்குச் சோதனை (காட்டும் விளக்கின் நிறத்தைச் சொல்வது) போன்ற அடுத்த கட்டம் உண்டு. நிறம் ஏற்றிய லென்ஸ் போட்டுத் தேறுவதை மட்டும் ஏற்க மாட்டார்கள்.

பவரை அளக்கும்போது சொட்டுமருந்து விட்டு அளக்கச் சொல்லுங்கள். இளவயதில் கண் தசை தானாக இறுகி, மைனஸ் பவரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு, சிலருக்கு ஒரு நாள்கூட, கிட்டப் பார்வை மங்கும்; தேர்வு இருக்கும் நாளில் போகாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால், பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள். லென்ஸ் கருவிழியின் வளைவை அழுத்தி மாற்றிவைப்பதால் அளவு பிசகும்.

இனி லேசர். 17 வயதில் பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். இப்போது செய்தால் மறுபடி கண்ணாடி வரக்கூடும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கண் கூச்சம், வறட்சி ஆகியவை சிலருக்குத் தங்கிவிடும்; விமானிக்கு இவை மைனஸ் 3.5-ஐவிடப் பெரிய தொல்லை. பிற்பாடு செய்வதானால், பவர் ஓராண்டாவது மாறாமல் நிற்கட்டும். அறுவைக்கு முந்தைய அளவுகளைப் பத்திரப்படுத்துங்கள், மருத்துவச் சான்றுக்குக் கேட்பார்கள். குணமாகிப் பார்வை நிலைப்படும்வரை சான்று கிடைக்காது.

கண்ணாடி விஷயத்தில் இரண்டு: பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தே தீர வேண்டும். போலராய்டு கண்ணாடி வேண்டாம், விமானி அறைத் திரைகள் அதில் இருண்டு தெரியும்.

பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பயணிகள் விமான விமானிக்குத் தேவையான முதல் வகுப்பு (கிளாஸ் 1) மருத்துவச் சான்றை வாங்கிவிடுங்கள். கட்டிய பிறகு நிறப்பார்வையில் சிக்கினால் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.