கிரீஸில் ஒரே ஊரில் தங்குவதென்றால் தெசலோனிகி, அதையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: மே மாதம் கிரீஸ் போகிறீர்கள், தீவு தீவாக அலைய விருப்பமில்லை, வரலாறு நிறைந்த ஒரே நகரத்தில் ஐந்தாறு நாள் தங்க வேண்டும், கூட அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா வருகிறார்கள், அப்பா சைவம். எந்த ஊர், எப்படித் திட்டமிடுவது?

தெசலோனிகி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. ஏதென்ஸுக்கு வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டரில், கடலோரமாக இருக்கிற கிரீஸின் இரண்டாவது பெரிய நகரம். ஏதென்ஸ் மோசம் என்று சொல்லவில்லை. அங்கே எல்லோரும் அக்ரோபோலிஸைப் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டுத் தீவுக்குப் படகு ஏறிவிடுகிறார்கள். தெசலோனிகி அப்படி ஒரே இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பக்கூடிய ஊர் இல்லை. கி.மு. 315 வாக்கில் மாசிடோனிய மன்னன் கசாண்டர் இந்த நகரத்தை உண்டாக்கித் தன் மனைவியின் பெயரை வைத்தான், அவள் அலெக்சாண்டருக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கை. அன்றிலிருந்து இன்றுவரை ஊர் அதே இடத்தில் இருக்கிறது, ஜனங்களும் இருந்துகொண்டே இருக்கிறார்கள். மாசிடோனியர், ரோமர், பைசாந்தியர், உதுமானியத் துருக்கியர், ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்கள், சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து வந்த அகதிகள் என்று ஒவ்வொருவரும் கட்டியது, இடித்தது, மாற்றியது எல்லாம் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவிலேயே நிற்கிறது, பக்கத்தில் பேருந்து போகிறது, மாணவர்கள் காபி குடிக்கிறார்கள்.

திட்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியது ஊரின் சரிவு. வடக்கே மேட்டில் கோட்டைச் சுவர், தெற்கே கடல், நடுவில் கிழக்கு மேற்காக எக்னாதியா சாலை. பெரும்பாலான வழிகாட்டிகள் கடற்கரையில் இருக்கும் வெள்ளைக் கோபுரத்தில் தொடங்கி மேலே ஏறச் சொல்கின்றன. வயதானவர்களோடு போகிறவர்கள் அதைக் கேட்கவே வேண்டாம். காலையில் டாக்சி பிடித்து நேரே மேல் ஊருக்கு, அதாவது ஆனோ போலிக்குப் போய் இறங்குங்கள், பிறகு நாள் முழுக்க இறக்கத்தில் நடக்கலாம். முழங்காலுக்கு நல்லது, அப்புறம் கடல் எப்போதும் கண்ணெதிரே இருப்பதால் வழி தவறவும் தவறாது. ஆனால் கல் பாவிய சந்துகள் வழுக்கும், அதற்கேற்ற செருப்பு முக்கியம்.

தங்குவதற்கு அரிஸ்டோடெலஸ் சதுக்கத்துக்கும் கமாரா என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கலேரியஸ் வளைவுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள். எங்கே போவதென்றாலும் நடை தூரம். ஓட்டலில் தங்கும் வரியைப் பெரும்பாலும் தனியாக, அங்கேயே கட்டச் சொல்வார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ 2024 நவம்பர் 30-இல்தான் ஓடத் தொடங்கியது, ஓட்டுநர் இல்லாத ரயில், தொடக்கத்தில் 13 நிலையங்கள். வேலை ஆரம்பித்தது 2006-இல். இவ்வளவு காலம் இழுத்ததற்குப் பணப் பிரச்சினை ஒரு காரணம், மண்ணுக்கடியில் தோண்டத் தோண்ட வந்த பழம்பொருட்கள் இன்னொரு காரணம், மூன்று லட்சத்துக்கும் மேல் கிடைத்தனவாம். வெனிசெலு நிலையத்தில் பளிங்குக் கல் பதித்த பழைய பெரும் சாலையைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து எடுத்து, நிலையம் கட்டி முடித்ததும் திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கும் போக வேண்டியதில்லை என்றாலும் ஒரு டிக்கெட் எடுத்து அந்த நிலையத்தில் இறங்கிப் பாருங்கள்.

முதல் நாள் மேல் ஊர். எப்தாபிர்கியோ கோட்டையில் தொடங்கலாம், துருக்கிப் பெயர் யெதி குலே, 1989 வரை சிறைச்சாலையாக இருந்த இடம். அங்கிருந்து சுவரோரமாக இறங்கினால் திரிகோனியோன் கோபுரம், மொத்த ஊரும் வளைகுடாவும் கீழே விரியும், வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரையில் ஒலிம்பஸ் மலையே தெரியும். அடுத்து விலாதாதோன் மடம், முற்றத்தில் மயில்கள் உலவும். அதற்கும் கீழே வீடுகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் ஓசியோஸ் தாவித் என்ற சின்னஞ்சிறு கோவிலைத் தேடிக் கண்டுபிடியுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளே தாடி இல்லாத இளைஞனாகக் கிறிஸ்து அமர்ந்திருக்கும் பழங்கால மொசைக், அதாவது சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த சித்திரம் இருக்கிறது. உதுமானியர் காலத்தில் கோவில் மசூதியானபோது பூச்சுக்கு அடியில் மறைந்துபோய், 1921-இல்தான் மறுபடி வெளியே வந்தது. நான் பார்த்த மொசைக்குகளில் இவ்வளவு அருகில், இவ்வளவு அமைதியாக நின்று பார்க்க முடிந்தது வேறு எதுவும் இல்லை. இந்தச் சின்னக் கோவில்கள் மதியத்துக்கு மேல் பூட்டப்படும், அதனால் காலையில் போய்விடுங்கள்.

இரண்டாம் நாள் நடு ஊர். புனித தெமெத்ரியோஸ் பேராலயம், அடியில் உள்ள நிலவறையையும் சேர்த்து. இவர்தான் ஊரின் காவல் புனிதர், ரோமர் காலக் குளியல் கூடத்தில் கொல்லப்பட்டார் என்பது மரபு, அந்தக் கூடத்தின் மேல்தான் கோவில். 1917 ஆகஸ்டில் ஊரில் பெருந்தீ பிடித்து 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள், இந்தக் கோவிலும் எரிந்தது. திரும்பக் கட்டி முடித்துத் திறந்தது 1949-இல். தூண்களில் சில மொசைக்குகள் மட்டும் தப்பின. இன்றைக்கு ஊரின் நடுப்பகுதி நேர்த்தெருக்களாகவும் பெரிய சதுக்கமாகவும் இருப்பதற்கும் அந்தத் தீதான் காரணம், எர்னஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் புதிதாக வரைந்து கொடுத்தார். தீ எட்டாத மேல் ஊர் மட்டும் பழைய கோணல் சந்துகளோடு அப்படியே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் நடந்து பார்த்தால் வித்தியாசம் காலுக்கே தெரியும்.

அதே நாளில் ரோமர் கால அகோராவை, அதாவது பொதுச் சதுக்கத்தைத் தாண்டி ரொடுண்டாவுக்குப் போகலாம். கலேரியஸ் பேரரசன் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வட்டக் கட்டடம், சுவரின் பருமன் 6 மீட்டருக்கும் மேல். முதலில் ரோமக் கட்டடம், பிறகு தேவாலயம், 1591-இல் மசூதி, 1912-இல் கிரேக்கப் படை ஊருக்குள் வந்தபின் மறுபடி தேவாலயம். வெளியே மசூதியின் மினார் இன்னும் நிற்கிறது. குவிமாடத்தில் மிஞ்சியிருக்கும் பொன் மொசைக்கைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பாருங்கள், பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். வெள்ளைக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பேன், உள்ளே சுற்றிச் சுற்றி மேலே ஏற வேண்டும், பெரியவர்கள் கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

அருங்காட்சியகம் இரண்டு, தொல்லியல் ஒன்று, பைசாந்தியப் பண்பாடு ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நேரம் குறைவென்றால் தொல்லியல். தெர்வேனி என்ற இடத்தில் கிடைத்த வெண்கலக் கலயத்தைப் பார்த்தால் பொன் என்றே நினைப்பீர்கள், வெள்ளீயம் அதிகம் சேர்த்ததால் வந்த நிறம் அது. அதே இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருளின் துண்டுகளும் அங்கே உள்ளன, ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கையெழுத்துச் சுவடி அதுதான்.

ஒரு காலைப் பொழுதை யூதர்களின் தெசலோனிகிக்காக ஒதுக்குங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பயணத் திட்டங்களில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது. 1492-இல் ஸ்பெயின் விரட்டியடித்த யூதர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே குடியேறினார்கள், பல நூற்றாண்டுகள் இந்த ஊரின் மிகப் பெரிய சமூகமே அவர்கள்தான். சனிக்கிழமை அவர்களின் ஓய்வு நாள், அதனால் துறைமுகமே சனிக்கிழமை மூடியிருந்தது. அவர்கள் வீட்டில் பேசியது பழைய ஸ்பானிய மொழி. 1943 மார்ச்சில் முதல் ரயில் நாஜிக்களின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்குக் கிளம்பியது, அந்தக் கோடைக்குள் 45,000-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள், திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். அதற்கு முன்பே, 1942 டிசம்பரில், அவர்களின் பெரிய கல்லறைத் தோட்டத்தை இடித்துக் கல்லறைக் கற்களைக் கட்டட வேலைக்கு எடுத்துப்போனார்கள். இன்றைய அரிஸ்டாட்டில் பல்கலைக்கழக வளாகம் அந்த நிலத்தின் மேல்தான் இருக்கிறது. ஆகியு மீனா தெருவில் யூத அருங்காட்சியகம் இருக்கிறது, சனிக்கிழமை விடுமுறை. அங்கே மீட்கப்பட்ட கல்லறைக் கற்களும் குடும்பப் புகைப்படங்களும் இருக்கின்றன. பார்த்துவிட்டு எலெஃதெரியாஸ் சதுக்கத்துக்கு நடந்து போங்கள், 1942 ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஆயிரக்கணக்கான யூத ஆண்களை வெயிலில் நிறுத்தி அவமானப்படுத்திய இடம், ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. விடுமுறையில் இது எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால், ஊரில் பாதிக்கு நெருக்கமானவர்களாக ஒரு காலத்தில் இருந்தவர்களைப் பற்றித் தெரியாமல் அந்தத் தெருக்களில் நடப்பது சரியில்லை என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன்.

சரி, சாப்பாடு. அப்பாவுக்குக் கவலை வேண்டாம். "நிஸ்தீசிமோ" என்று கேளுங்கள், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு என்று பொருள், இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. கடல் சிப்பி, கணவாய் போன்றவற்றை மட்டும் விரதத்தில் அனுமதிப்பார்கள், அதனால் அவையும் வேண்டாம் என்று கூடவே சொல்லிவிடுங்கள். பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்த கீகாந்தஸ், காய்கறிகளை அடுப்பில் வாட்டிய பிரியாம், சோறு அடைத்த தக்காளியும் குடைமிளகாயும், இவை எல்லா ஊர்க்கடைகளிலும் கிடைக்கும். அடைத்ததில் சில கடைகள் கொத்துக்கறி சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். 1923-இல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில் சின்ன ஆசியாவிலிருந்து வந்தவர்கள் சீரகத்தையும் மசாலாவையும் கூடவே கொண்டுவந்தார்கள், அதனால் நம் நாக்குக்கு ஏதென்ஸ் சாப்பாட்டைவிட இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துப்போகும். மேசையில் பூகோவோ என்ற மிளகாய்த் தூள் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். காலையில் புகாத்சா என்ற கிரீம் வைத்த சூடான மாவுப் பண்டம், மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். கபானி சந்தையில் ஆலிவும் உலர்பழமும் வாங்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்கள் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள், ஏழு மணிக்கே போனால் உங்களுக்கு இடம் சுலபமாகக் கிடைக்கும்.

வெளியூர் என்று ஒரு நாள் ஒதுக்கினால் வெர்கினா. 1977-இல் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் தோண்டிக் கண்டுபிடித்த மாசிடோனிய அரச கல்லறைகள், அலெக்சாண்டரின் தந்தை பிலிப்புடையது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் கல்லறையும் அதில் ஒன்று. கல்லறைகளை இடம் மாற்றாமல், மேலே மண்மேட்டை மறுபடி எழுப்பி அதற்குள்ளேயே அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். இருட்டுக்குள் கல்லறை வாசலை நேருக்கு நேர் பார்க்கலாம், பதினாறு கதிர் நட்சத்திரம் பதித்த பொற்பேழையும் அங்கேதான். போக்குவரத்துக்கு வெரியா என்ற ஊர் வரை பேருந்து, அங்கிருந்து இன்னொன்று, பெரியவர்கள் இருப்பதால் கார் எடுத்துக்கொள்வதே நல்லது.

உங்கள் வீட்டில் பைபிள் வாசிப்பவர்கள் இருந்தால் இன்னும் ஒன்று. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய நிருபங்கள் இந்த ஊர்க்காரர்களுக்கு எழுதியவைதான், முதலாவது நிருபம் கி.பி. 50 வாக்கில் எழுதப்பட்டது, புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழையது அது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்போஸ்தலர் 17-இல் வரும் பெரோயாதான் இந்த வெரியா. என் அம்மா அந்த அதிகாரத்தை வெரியாவிலேயே உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டு வாசித்தார், நாங்கள் வெர்கினாவுக்குப் போனதே அந்த வழியில்தான்.

கடைசியாகத் தேதி. மே நல்ல மாதம், ஆனால் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் எந்த வாரம் வருகிறது என்று முதலில் பாருங்கள், 2027-இல் மே 2. அந்த நாட்களில் ஊர் அழகாக இருக்கும், அருங்காட்சியகங்களும் கடைகளும் மூடியிருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் பன்னாட்டு வணிகக் கண்காட்சி நடப்பதால் அறை வாடகை ஏறும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்ப நேரம் கிடைப்பதுதான் பெரிய பாடு, டிசம்பர் ஜனவரியிலேயே பதிவு செய்துவிடுங்கள். மே மாதத்துக்குள் விசா வராது போலத் தெரிந்தால் பயணத்தை அக்டோபருக்குத் தள்ளுங்கள், ஜூலை ஆகஸ்டுக்கு வேண்டாம், அந்த வெயிலில் அப்பா அம்மாவால் மேல் ஊரிலிருந்து நடந்து இறங்க முடியாது.