வெர்மான்ட்டில் ஊர்ச் செய்தி எங்கே கிடைக்கும்? கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட்டில் எனக்கு இது பதினாலாவது குளிர்காலம். மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் ஆறரை லட்சம் பேர்தான், சேலம் மாநகரைவிடக் குறைவு. அதிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கிராமப்புறத்தில். புதிதாக வருகிற நம்மவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி கேள்விகளோடு அழைக்கிறார்கள். இந்த முறை வந்தவற்றுக்கெல்லாம் மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் எசெக்ஸ் ஜங்ஷனுக்கு வேலை மாறி வருகிறோம் அண்ணா. ஊர் நடப்பு தெரிய எந்தப் பேப்பருக்குச் சந்தா கட்டலாம்?

பேப்பர் அப்புறம் தம்பி. முதலில் உங்கள் வீடு எந்த எசெக்ஸில் இருக்கிறது என்று பாருங்கள். 2022 ஜூலை 1 முதல் எசெக்ஸ் ஜங்ஷன் தனி நகரம். அதை ஒட்டியிருக்கும் எசெக்ஸ் டவுனுக்கு வேறு நிர்வாகம். வாடகை விளம்பரத்தில் சும்மா 'எசெக்ஸ்' என்றுதான் போட்டிருப்பார்கள். என் நண்பர் ஒருவர் எட்டு மாசம் டவுன் அறிவிப்புகளை வரி விடாமல் படித்தார். வீடு இருந்ததோ ஜங்ஷனுக்குள்ளே!

தெருப் பனி தள்ளுவது, குப்பை, சாலை, நாய் லைசென்ஸ் எல்லாம் ஊர் மட்டத்தில்தான் முடிவாகிறது. சின்ன ஊர்களில் அந்தச் சபைக்கு செலக்ட்போர்டு என்று பெயர். மூன்று பேரோ ஐந்து பேரோ இருப்பார்கள். வழக்கமான கூட்டம் என்றால் 48 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்டியாக வேண்டும், முடிந்து ஐந்து நாளில் மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் நடந்ததன் குறிப்பு, மக்கள் பார்வைக்கு வந்தாக வேண்டும். சட்டமே அப்படி. எந்தப் பேப்பருக்கும் சந்தா கட்டும் முன் இந்த இரண்டையும் மூன்று மாசம் படித்துப் பாருங்கள். கூட்டங்களில் பாதிக்கு நிருபர் யாரும் வருவதில்லை.

காசு கட்டாமல் படிக்க மாநிலச் செய்தி உண்டா?

உண்டு. வி.டி.டிகர் என்ற இணையச் செய்தித் தளம். 2009இல், வேலை போன ஒரு பத்திரிகையாளர், ஆன் காலவே, தொடங்கியது. லாப நோக்கமில்லாத நிறுவனம், கட்டணச் சுவர் கிடையாது. சட்டமன்றம் ஜனவரியில் கூடினால் தினமும் பாருங்கள். புதன்கிழமை மளிகைக் கடை வாசலில் 'செவன் டேஸ்' வார இதழ் இலவசமாகக் கிடக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சி.என்.என். போதாதா சார்?

எங்கள் மாநிலம் அதில் வந்தால் ஒன்று வெள்ளம், இல்லை எங்கள் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். போதாது.

பாரியில் ஓடைக்குப் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். மழை என்றாலே பயமாக இருக்கிறது. வீட்டில் செல்போன் சிக்னலும் சரியில்லை. எச்சரிக்கை எப்படி வரும்?

பயம் நியாயம்தான் அம்மா. 2023 ஜூலை 10, 11 தேதிகளில் தலைநகர் மான்ட்பீலியரின் கடைவீதியும் பாரியும் தண்ணீரில் நின்றன. மறு வருஷம் அதே தேதிகளில் மறுபடி வெள்ளம். பல வீடுகளில் பேஸ்மென்ட் சேற்றை வாளியில் அள்ளித் தெருவில் கொட்டினோம். அந்த வாடை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

மாநில அரசின் 'விடி-அலர்ட்' சேவையில் இன்றே பதியுங்கள், இலவசம். செல் எண்ணோடு மின்னஞ்சல், லேண்ட்லைன் இரண்டையும் கொடுங்கள். வீட்டு வைஃபை வழியாக அழைப்பு வரும் வசதியைப் போனில் போட்டுவையுங்கள். ஆனால் கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். அதனால் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று கட்டாயம். வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்தால் தானே அலறுகிற வெதர் ரேடியோ கிடைக்கிறது, படுக்கையறையில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்போவது அதுதான்.

சாதாரண ரேடியோவில் வாட்டர்பரியின் டபிள்யூ.டி.இ.வி. நிலையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1931 முதல் ஓடுகிறது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வந்து 13 ஊர்களை வழியே இல்லாமல் துண்டித்தபோது, வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு நேயர்களின் அழைப்பை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பாலம் போனது, யாருக்கு மருந்து வேண்டும் என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். மற்ற நாளில் அதே நிலையத்தில் ஒருவர் பழைய டிராக்டர் விற்கிறேன் என்று விலை சொல்லிக்கொண்டிருப்பார். அதையும் கேளுங்கள், பொழுது போகும்.

சொத்து வரி திடீரென்று ஏறிவிட்டது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள். வரியில் பெரும் பகுதி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. வருஷா வருஷம் டிசம்பர் 1 வாக்கில் மாநில வரி ஆணையர் அடுத்த ஆண்டு விகிதம் எப்படி இருக்கும் என்று ஒரு கடிதம் வெளியிடுவார். அதுதான் முதல் மணி. ஜனவரியில் உங்கள் பள்ளி வாரியம் பட்ஜெட்டை முடிவு செய்யும். மார்ச் முதல் செவ்வாய், டவுன் மீட்டிங் நாளன்று, ஊரே அதற்கு ஓட்டுப் போடும். அதற்கான அறிவிப்பை 30 நாள் முன்பே ஒட்டிவிடுவார்கள். 2024 மார்ச்சில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பள்ளி பட்ஜெட்டுகளை மக்கள் தோற்கடித்தார்கள். டிசம்பர் கடிதத்தைப் படித்தவர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

இன்னொன்று: சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் ஹோம்ஸ்டெட் டிக்ளரேஷன், அதாவது 'இது நான் குடியிருக்கும் வீடு' என்று சொல்லும் படிவத்தை, ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் நடுவில் வரும் கடைசித் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் போதும் என்று நினைத்து இரண்டாம் வருஷம் விட்டேன். அபராதம் கட்டினேன்.

குடியுரிமை இல்லாதவர்கள் டவுன் மீட்டிங்குக்குப் போகலாமா?

தாராளமாகப் போய் உட்காரலாம். ஓட்டு இல்லாதவர்கள் பேசுவதற்குக் கூட்டத்தின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். மான்ட்பீலியர், வினூஸ்கி, பர்லிங்டன் மூன்றிலும் சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில் ஓட்டே உண்டு. ஆனால் உங்கள் விசா வகைக்கு அது பொருந்துமா என்று ஊர் அலுவலக கிளார்க்கிடமும் குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்காமல் பெயர் பதியாதீர்கள். இதில் அவசரம் வேண்டாம்.

கைக்குழந்தையோடு போக முடியாதவர்களுக்கு: சமூகத் தொலைக்காட்சி நிலையங்கள் கூட்டங்களைப் பதிவு செய்து இணையத்தில் போடுகின்றன. பர்லிங்டன் பக்கம் டவுன் மீட்டிங் டிவி, மான்ட்பீலியர் பக்கம் ஓர்கா மீடியா. சமைத்துக்கொண்டே ஓடவிடலாம்.

சின்னப் பேப்பர்கள் எல்லாம் மூடிக்கொண்டு வருகின்றனவாமே?

சில மூடிவிட்டன. ஹார்ட்விக் கெஜட் கதையைச் சொல்கிறேன். 1889இல் தொடங்கிய வார இதழ். நடத்திக்கொண்டிருந்தவர் வயசாகி ஓய்வெடுக்க நினைத்து, 2016இல் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார். 175 டாலர் கட்டிக் கட்டுரை எழுத வேண்டும், ஜெயிக்கிறவருக்குப் பேப்பரே பரிசு! போதிய கட்டுரைகள் வரவில்லை, கடைசியில் வழக்கம்போல விற்க வேண்டியதாயிற்று. வாட்டர்பரி ரெக்கார்ட் 2020இல் நின்றது. அதே வருஷம் அந்த ஊரிலேயே 'வாட்டர்பரி ரவுண்டபவுட்' இணையத்தில் முளைத்தது, பல்கலைக்கழக மாணவர்கள் செய்தி எழுதிக் கைகொடுத்தார்கள். உங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் மாசம் ஒரு பீட்சா காசையாவது அனுப்புங்கள்.

ஃப்ரன்ட் போர்ச் ஃபோரம் என்ற இணைய மன்றத்தில் அக்கம்பக்கத்தார் எழுதுவதை நம்பலாமா?

தொலைந்த பூனை, விறகு விலை, பாதாள அறையில் தண்ணீர் - நம்பலாம். சொந்தப் பெயரில்தான் எழுத முடியும், வெளியாகும் முன் ஆள் படித்துப் பார்க்கிறார்கள். செலக்ட்போர்டு அநியாயம் செய்துவிட்டது என்று யாராவது எழுதினால் மட்டும் மினிட்ஸைத் திறந்து பாருங்கள்.

போன மார்ச்சில் ஜி.பி.எஸ். சொன்ன வழியில் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டேன். இதற்கெல்லாம் எங்கே செய்தி போடுவார்கள்?

எங்கேயும் போட மாட்டார்கள்! மாநிலச் சாலைகள் என்றால் நியூ இங்கிலாந்து 511 என்ற சாலை நிலவரச் சேவையில் வரும். ஆனால் இங்கே பாதிக்கும் மேல் மண் சாலை. பனி உருகும் பருவத்தில் மேல்மண் இளகி, அடியில் இன்னும் உறைந்திருப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் களியாகிவிடும். எங்கள் ஊர் ஜெனரல் ஸ்டோரில் காபி இயந்திரத்துக்கு மேலே ஒரு கார்க் பலகை இருக்கிறது. ஒரு பக்கம் செலக்ட்போர்டு அஜெண்டா, பக்கத்தில் முட்டை விற்பனைக்கு, அதன் மேலே பழுப்புக் காகிதத்தில் மார்க்கர் பேனாவால்: "மலைச் சாலை - பிக்கப் டிரக் இல்லாதவர்கள் போகாதீர்கள்." கல்லாவில் நிற்கும் அம்மாள் எழுதியது. காலையில் பால் வண்டிக்காரர் அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்.