உலக வரலாறு மனதில் நிற்க எப்படிப் படிப்பது?

பி.ஏ. வரலாற்றில் உலக வரலாறு தாள் மட்டும் குழம்புகிறது, ஆண்டுகள் நிற்கவே மாட்டேன் என்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அரியர் விழுந்ததே இந்தத் தாளில்தான். கைடை வைத்துக்கொண்டு நாடு நாடாக மனப்பாடம் செய்ததுதான் காரணம். அமெரிக்கப் புரட்சி ஒரு யூனிட், பிரெஞ்சுப் புரட்சி இன்னொரு யூனிட் என்று தனித்தனியாகவே படித்தேன்.

இரண்டாம் முறை படிக்கும்போது, பிரிட்டனும் பிரான்சும் உலகின் பல மூலைகளில் மோதிக்கொண்ட ஏழாண்டுப் போர் பற்றிய பக்கத்தில் வந்தவாசி என்ற பெயர் கண்ணில் பட்டது. என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர். கோரைப்பாய் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த இடிந்த கோட்டையைப் பார்த்திருக்கிறேன். 1760 ஜனவரி 22 அன்று அங்கேதான் ஐர் கூட்டின் ஆங்கிலேயப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, 1759 செப்டம்பரில், கனடாவின் கியூபெக்கிலும் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். இரண்டும் ஒரே போர்!

அன்றைக்கே நான்கு வெள்ளைத்தாள்களை ஒட்டி, இடது ஓரத்தில் ஆண்டுகளையும் மேலே நாடுகளையும் எழுதி, விடுதிச் சுவரில் மாட்டினேன். கட்டம் நிரம்ப நிரம்ப விஷயம் தானாகப் புரிந்தது. போர்க் கடனில் மூழ்கிய பிரிட்டன் 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது முத்திரை வரி போட்டது. அந்தக் கோபம் வளர்ந்து 1776இல் விடுதலை அறிவிப்பில் முடிந்தது. பழைய தோல்விக்குப் பழிவாங்க நினைத்த பிரான்ஸ், அமெரிக்கர்களுக்குப் பணமும் படையும் கொடுத்தது. அப்புறம் அதன் கஜானாவும் காலி. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் கூடும் மூன்று வகுப்பினர் சபை 1614க்குப் பிறகு கூட்டப்படாமலே இருந்தது. அதை 1789இல் மன்னர் கூட்ட வேண்டியதாயிற்று. பிரெஞ்சுப் புரட்சி அங்கிருந்துதான் கிளம்பியது.

நீங்களும் இப்படி ஒரு தாள் போடுங்கள். ஆண்டுகளை நெட்டுருப் போட வேண்டாம், எது எதற்கு முன்னால் என்று மட்டும் பாருங்கள். ஆட்களையும் விடாதீர்கள். லாலியை அவர் நாட்டிலேயே துரோகி என்று சொல்லி 1766இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். அவர் மகன் விடாமல் போராடி 1778இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார். 1789 சபையில் பிரபுக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர்களில் அந்த மகனும் ஒருவர்.

அரியர் தேர்வில் பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களைக் கேட்டிருந்தார்கள். வந்தவாசியிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.