முதல் விருப்பம் நழுவினால் இரண்டாவதும் போய்விடுமா?

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விருப்பப் பட்டியல் தர வேண்டும். கிடைப்பது கடினமான துறையை முதலில் எழுதினால் அடுத்ததும் பறிபோகுமா?

பதில்: இடம் ஒதுக்கும் முறையைப் பொறுத்தது. தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் பட்டியலில் காலியாக உள்ள முதல் துறையைத் தருவார்கள் என்றால் பயமே வேண்டாம். மனதில் உள்ள வரிசையையே எழுதுங்கள். 1962-இல் கேல், ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்த முறையிலும் (மாணவர் விருப்ப வரிசையில் கேட்க, இடத்தைத் தற்காலிகமாகத் தந்து, தகுதியில் முந்தியவர் கேட்டால் அவருக்கு மாற்றுவது) அப்படியே எழுதலாம். எல்லோருடைய முதல் விருப்பத்தையும் நிரப்பிவிட்டு, மிச்சத்தை மட்டும் இரண்டாவதாக எழுதியவர்களுக்குத் தரும் முறைதான் வம்பு: நல்ல மதிப்பெண் இருந்தும் வெறுங்கையோடு நிற்க நேரும். விதிக் கையேட்டில் இடம் ஒதுக்கும் முறையைச் சொல்லும் ஒரு பத்தியையாவது தேடிப் படியுங்கள்.

எழுதும் துறைகளுக்கு எண்ணிக்கை வரம்பு இருந்தால், கடைசி இரண்டு இடங்களை எளிதில் கிடைக்கும் துறைகளுக்கு விடுங்கள். அதற்குப் போன ஆண்டு அந்தத் துறையில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணைப் பாருங்கள், மதிப்பெண்ணை அல்ல. வினாத்தாள் எளிதானால் மதிப்பெண் ஏமாற்றும்.