கல்லாவுக்கு ஆள் தேடுவதற்கு முன்னால்

கேள்வி: பர்மாவில், பெகு ஊரில் ரங்கூன் சாலையோரம் எங்கள் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தாத்தா தொடங்கியது. 1987-ல் நோட்டு செல்லாமல் போனபோதுகூட எங்கள் அடுப்பு அணையவில்லை. விறகடுப்புச் சமையல்தான் கடைக்குப் பேர். மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்படுத்தி வருகிறேன். போர்டு மாற்றினேன், டைல்ஸ் போட்டேன், முக்காலிகளை எடுத்துவிட்டு நாற்காலி வாங்கினேன். அடுத்து ஏசி அறை போடுவதா, இன்னும் பத்து அயிட்டம் கூட்டுவதா என்று குழப்பம். வெளிச்சத்தில் கண் கூசித் தண்ணீர் வடிகிறது என்று அம்மா இப்போது கல்லாவில் உட்காருவதில்லை, சமையல்கட்டோடு சரி. அதனால் கல்லாவுக்கும் ஆள் பார்க்க வேண்டும். அப்பா எதைச் சொன்னாலும் "எதுக்குடா?" என்கிறார். என்ன செய்யலாம், அக்கா?

பதில்: தம்பி, கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். டைல்ஸின் நிறத்துக்கே நீங்கள் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அம்மாவின் கண்ணுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் கல்லாவுக்கு ஆள் இல்லையே என்ற கவலையில் வந்த வரி.

அந்தக் கண் ஏன் வடிகிறது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

மோல்மேனில் என் பெரியம்மா சாப்பாட்டுக் கடை நடத்தினார். மீன் ஆயும்போது சதையைக் கட்டைவிரலால் மெல்லத் தடவித் தடவியே முள்ளைக் கண்டுபிடித்து எடுப்பார். "என்ன கைப்பக்குவம்!" என்று நாங்களெல்லாம் வியந்துபோய் நிற்போம். அவருக்கு முள் கண்ணில் படவில்லை, அதனால்தான் தடவினார் என்பது எங்களுக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. முப்பது வருடம் அடுப்பு முன்னால் நின்றவர். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

விறகுப் புகையில் காலமெல்லாம் நிற்கிறவர்களுக்குக் கண்புரையும் நுரையீரல் நோயும் வரும் அபாயம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுக்குள் புகையும் அடுப்புகளால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் அம்மாவுக்கு இருப்பது புரையா, வேறு ஏதாவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் நிற்கும் இடத்தில் புகை போக வழி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் வேண்டியதில்லை. மூன்று வருடத்தில் நீங்கள் செய்த அத்தனை வேலையும் வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தோடு நின்றுவிட்டது. சமையல்கட்டுக்குள் ஒரு செங்கல்கூட நகரவில்லை.

1987-ல் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதம் ஆனபோதும் அடுப்பு அணையவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சரி. அணையாமல் ஊதிக்கொண்டிருந்தது யார்?

ஏசி வேண்டாம். கரண்ட் வந்து போகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? பத்து அயிட்டமும் வேண்டாம். கூட்டுகிற ஒவ்வொரு அயிட்டமும் அம்மா அடுப்படியில் கூடுதலாக நிற்கும் நேரம். முதலில் அடுப்புக்கு மேலே தகரத்தில் ஒரு கூண்டு செய்து, அதிலிருந்து கூரைக்கு மேல் மூன்றடி உயரும்படி புகைக்குழாய் வையுங்கள். சூடான புகை தானாக மேலே ஏறும், அதற்குக் கரண்ட் தேவையில்லை. குழாய் நன்றாக இழுக்க வேண்டுமானால் கீழே காற்று நுழைய வழி வேண்டும். எதிர்ச் சுவரில் தாழ்வாக ஒரு ஜன்னல் வெட்டுங்கள். அடுப்பு தரையில் இருந்தால் இடுப்பளவு மேடை கட்டி ஏற்றுங்கள். விறகை மழைக்கு முன்பே வாங்கி உள்ளே அடுக்குங்கள், ஈர விறகு புகைந்து தள்ளும். கரிக்கு மாறிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரியில் கண்ணுக்குத் தெரியும் புகைதான் குறைவு. காற்றோட்டம் இல்லாத அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

சித்திரைப் பிறப்பும் பர்மியர்களின் புத்தாண்டான திஞ்சானும் முடிந்து, மழை பிடிப்பதற்குள் கூரையைப் பிரிக்கலாம். தங்கப்பாறை பகோடாவுக்கு யாத்திரை போகிற கூட்டமும் அப்போது குறைந்திருக்கும்.

அப்பா "எதுக்குடா?" என்றால் இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இத்தனை வருடம் அதே கடையில் இருந்தவருக்குப் பத்தடி தள்ளி அம்மா இருமுகிற சத்தம் கேட்காமலா இருந்திருக்கும்? பெற்றவளையும் கட்டியவளையும் புகையில் நிறுத்திவிட்டுச் சேர்க்கிற காசு குடும்பத்துக்கு ஆகாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

குழாய்க்கு சித்திரை வரை பொறுக்கலாம், கண்ணுக்குப் பொறுக்க முடியாது. இந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள். கடைப் பையனைத் துணைக்கு அனுப்பாதீர்கள். "மதியச் சாப்பாடு யார் பார்ப்பது?" என்று அம்மாதான் முதலில் தடுப்பார். அதனால் முந்தின நாளே கதவில் "நாளை கடை விடுமுறை" என்று தமிழிலும் பர்மியத்திலும் எழுதி ஒட்டிவிட்டு, நீங்களே அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.